இன்டர்வெல் சாரும் இரண்டாவது ரீலும்

உலகத்தில் எதையுமே முழுசாகச் செய்து முடிக்காத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் இன்டர்வெல் சார்தான். தும்மலைக்கூட இரண்டு பாகமாகத்தான் தும்முவார். முதல் தும்மல் வந்ததும் கைக்குட்டையை எடுத்து நாலாக மடிப்பார். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பார். "இன்னிக்கு பஸ் லேட்டு போலிருக்கே" என்பார். அதற்கப்புறம்தான் இரண்டாவது.

ஆளுக்கு முறையாக ஒரு பெயர் இருந்தது, பட்டம் இருந்தது. மெட்ராஸில் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, மொன்ட்ரியாலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே மெஷின்களைக் கட்டி மேய்க்கும் உத்தியோகம். அந்த எழுபதுகளின் தொடக்கத்தில் ஊரில் இருந்த மொத்தத் தமிழர்களையும் ஒரு மெட்ரோ பெட்டியில் ஏற்றிவிட்டு மிச்ச சீட்டில் கால் நீட்டிப் படுக்கலாம். அத்தனை பேரும் அவரை இன்டர்வெல் என்றுதான் சொன்னார்கள். அவரும் போனை எடுத்தால் "இன்டர்வெல் ஸ்பீக்கிங்" என்பார். அப்புறம் போனைக் கீழே வைத்துவிட்டு, காபியை ஒரு வாய் குடித்துவிட்டு வந்து, "ம், சொல்லுங்க."

மொன்ட்ரியாலின் வில்லரே பேட்டையில், ஜாரி மெட்ரோவுக்குப் பக்கத்துத் தெருவில், மூன்றாவது மாடியில் நாங்கள் மூன்று பேர். இன்டர்வெல் சாருக்கு முப்பத்தாறு வயசு. யாழ்ப்பாணத்து நடேசு அண்ணைக்கு முப்பது. கெமிஸ்ட்ரியில் டாக்டர் பட்டத்துக்காக ஆறாவது வருஷமாக ஒரே குடுவையைக் கலக்கிக்கொண்டிருந்தார். எனக்கு இருபத்தொன்று. எம்.எஸ்ஸி. சேர்ந்த திமிர் இன்னும் இறங்காத நேரம். இறங்கவே இல்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். விடுங்கள்.

இந்த ஊரில் மாடிப்படியை வீட்டுக்கு வெளியே வைப்பார்கள். இரும்புப் படி, கைமுறுக்கு மாதிரி சுற்றிச் சுற்றி ஏறும். இதைக் கண்டுபிடித்த மகானுபாவன் பனியைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். எங்கள் படியில் பனி வழிப்பது வாரம் ஒருவர் முறை. இன்டர்வெல் சார் முறை வந்தபோது ஒரு நாள் காலை, கிளாஸுக்கு லேட் என்று நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். மேலிருந்து சரிபாதிப் படிகள் கண்ணாடி மாதிரி சுத்தம். அடுத்த படியில் காலை வைத்தேன். மிச்சம் எந்தப் படியையும் தொடாமலே தெருவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மேலே பால்கனியில் சார் டம்ளரோடு நின்றார். "ஏன்டா பறக்கறே? செகண்ட் ஹாஃப் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார மேடம் அதற்காக மேலே வந்து சண்டை போட்டாள். அவள் பிரெஞ்சில், இவர் தமிழில். இரண்டு பேருக்கும் எதிராளி சொல்வது ஒரு வார்த்தை புரியாததால் சண்டை மிகவும் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று இவர் கையைத் தூக்கி, "மேடம், இன்டர்வெல்!" என்றார். உள்ளே போய் இரண்டு டம்ளர் காபியோடு வந்தார். மேடம் குடித்தாள். "மெர்சி" என்றாள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். விட்ட இடத்திலிருந்து, அதே கையை அதே உயரத்தில் நீட்டி, மறுபடி கத்த ஆரம்பித்தாள். நடேசு அண்ணை என் காதில், "இவள் இந்த மனிசனுக்கு நல்லாப் பழகியிட்டாள்" என்றார்.

இதைவிடப் பெரிய கூத்து அவர் லீவில் மெட்ராஸுக்குப் பெண் பார்க்கப் போனது. பெண் பாடியிருக்கிறாள். பல்லவி, அனுபல்லவி முடிந்ததும் சார் எழுந்து, "ஒரு சின்ன இன்டர்வெல்" என்று சொல்லிவிட்டு சோடா குடிக்கத் தெருமுனைக்குப் போயிருக்கிறார். அங்கே காலேஜ் சிநேகிதன் ஒருவன். அவன் சைக்கிளில் பின்னாடி ஏறி மேட்னி ஷோவுக்குப் போய்விட்டார். அந்த மேட்னியின் இன்டர்வெல்லில்தான் பெண் ஞாபகம் வந்ததாம். திரும்பிப் போனால் பெண்ணின் அப்பா மட்டும் ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாராம். அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். இவரோ, "அந்தச் சரணத்தைக் கேட்காமலே வந்துட்டேன்டா" என்று வருத்தப்படுவார். சரணத்துக்காக மட்டும்.

வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் மனுஷனிடம் கேட்டால் இதற்கு ஒரு சித்தாந்தமே வைத்திருந்தார். கனடா வந்த புதிதில் டவுன்டவுன் தியேட்டர் ஒன்றில் படம் பார்க்கப் போயிருக்கிறார். பாதிப் படத்தில் வழக்கம் போல எழுந்து கேன்டீன் தேடிப் போய்விட்டு, சாவகாசமாகத் திரும்பி வந்தால், இருட்டில் படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. கதாநாயகன் அதற்குள் செத்தே போய்விட்டான். நேரே மேனேஜர் ரூமுக்குப் போய், "இடைவேளை விட மறந்துட்டீங்க" என்று புகார் கொடுத்தாராம்.

"முதல் பாதி பார்த்தவன் வேற, ரெண்டாம் பாதி பார்க்கப் போறவன் வேறடா" என்பார். "நடுவுல ஆளு மாறணும். மாறறதுக்கு டைம் குடுக்காம ஓட்டிக்கிட்டே போனா அதுக்குப் பேரு படம் இல்லை, பஸ்."

இந்தச் சித்தாந்தத்துக்கு வெள்ளைக்காரர்களிடம் ஆதரவு கிடைக்கவில்லை. பிலிப்பினோக்களிடம் கிடைத்தது. எல்லாம் லூர்தெஸ்ஸால் வந்தது.

லூர்தெஸ், ஆஸ்பத்திரியில் நர்ஸ். மணிலா பக்கம் ஏதோ ஊர். அந்த வருஷங்களில் ஊரில் பாதி வார்டுகள் பிலிப்பினோ நர்ஸுகள் கையில்தான் இருந்தன. ஒரு நாள் எக்ஸ்-ரே மெஷினின் வயிற்றைப் பிளந்து போட்டுவிட்டு சார் இன்டர்வெல்லில் உட்கார்ந்திருக்கிறார். மேலே வார்டில் நோயாளி காத்திருக்கிறார் என்று லூர்தெஸ் பேஸ்மென்டுக்கு வந்து ஒரு பிடி பிடித்திருக்கிறாள். சார் நிமிர்ந்து பார்த்தார். ஃபிளாஸ்கைத் திறந்து காபியை ஊற்றி நீட்டினார். திட்டிக்கொண்டே வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள். நின்றாள். பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். சார் அன்றைக்கே அவள் பெயரை லூர்து ஆக்கிவிட்டார். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் லூர்து என்று நாலு பேர் இருந்தார்களாம், நாலு பேரும் தங்கமான பசங்களாம்.

அந்த நர்ஸுகள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூசை முடிந்ததும், சர்ச்சுக்கு அடியில் இருக்கும் ஹாலில் அவர்கள் ஊர்ப் படம் போடுவார்கள். டொரோண்டோவிலிருந்து பெட்டி வரும். பழைய புரொஜெக்டர், கதாநாயகி அழுதால் அதுவும் சேர்ந்து அழும். லூர்து கேட்டுக்கொண்டதால் சார் அதைப் பிரித்து மாட்டிச் சரி செய்தார். அதோடு ஆபரேட்டரும் ஆனார். ஒரே ஒரு நிபந்தனை: படம் இரண்டு ரீலில் வரும், முதல் ரீலுக்கும் இரண்டாம் ரீலுக்கும் நடுவில் இன்டர்வெல் உண்டு. ரீல் மாட்ட இரண்டு நிமிஷம் போதும். அவர் பதினைந்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். அட்டையில் 'இடைவேளை' என்று தமிழில் பெரிதாக எழுதி, விளக்குக்கு முன்னால் பிடிப்பார். திரை முழுக்க அந்த எழுத்து. அறுபது பிலிப்பினோக்கள் அதை வாய் பிளந்து பார்ப்பார்கள்.

முதல் மாதம் கூச்சல் போட்டார்கள். இரண்டாம் மாதம் முணுமுணுத்தார்கள். மூன்றாம் மாதம் ஒரு பெரிய தட்டு நிறைய நூடுல்ஸ் கொண்டுவந்தார்கள். நாங்கள் வடை கொண்டுபோனோம். இன்டர்வெல் முப்பது நிமிஷம் ஆனது. சர்ச் ஃபாதர், பாவம், குண்டாக, சாதுவாக இருப்பார். ஆங்கிலம் அவருக்கு நாலு வார்த்தை, தமிழ் ஒரே வார்த்தை. வாசலில் சாரைப் பார்த்ததும் "போன்ஜூர்! வடை?" என்பார். அவருக்கு இருந்த ஒரே கவலை, ஐந்து மணிக்கு ஹாலில் பிங்கோ, நம்ம ஊர் தம்போலா மாதிரி நம்பர் ஆட்டம்.

எங்களுக்கென்றால் அந்தப் படங்கள் உயிர். தமிழ்ப் படத்தைக் கண்ணால் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. அங்கே கதாநாயகன் முதல் காட்சியில் பத்துப் பேரை அடிக்கிறான், இரண்டாவது காட்சியில் பாடுகிறான், மூன்றாவது காட்சியில் அம்மாவின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு அழுகிறான். பாஷை மட்டும்தான் வேறு. அதற்கும் லூர்து இருந்தாள். முன்வரிசையில் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வருவாள்.

"அவளைக் காதலிக்கிறேன்னு சொல்றான்."

திரையில் அவன் மூன்று நிமிஷம் பேசுவான். "இப்பவும் அதையேதான் சொல்றான்."

வில்லன் பல்லைக் கடித்துக்கொண்டு நீளமாக ஏதோ கத்துவான். "இது... வேண்டாம். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

புரொஜெக்டர் பக்கத்தில் இருட்டில் நின்றுகொண்டு சார் திரையைப் பார்க்க மாட்டார். முன்வரிசையில் அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஜோக் வருவதற்கு முன்னாலேயே அவள் சிரித்துவிடுவாள். அப்போது இவரும் சிரிப்பார். மொத்த ஹாலுக்கும் அந்த ஜோக் பிந்தித்தான் வந்து சேரும்.

இப்படி ஒன்றரை வருஷம். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்து போனோம். "எப்ப சார் சொல்லப் போறீங்க?" என்றால், "முதல் பாதி நல்லாப் போய்ட்டிருக்குடா" என்பார். நடேசு அண்ணை தலையில் அடித்துக்கொள்வார். "ஐயா, உமக்கு நரைக்குது. இனி எப்ப கதைக்கப் போறீர், அவளின்ரை பேரப்பிள்ளையளோடயா?"

அப்புறம் ஒரு பிப்ரவரியில், லூர்து வின்னிபெக்குக்குப் போகப் போவதாகச் செய்தி வந்தது. அங்கே அவள் அக்கா இருந்தாள், வேலையும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை ரயில். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கடைசிப் படம்.

சனிக்கிழமை முழுக்க சார் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். இரண்டு பாகமாகத்தான், நடுவில் காபி. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு இன்டர்வெல்ல சொல்லிடப் போறேன்."

"இன்டர்வெல் எதுக்கு சார்? இப்பவே போன் போடுங்களேன்."

"போன்ல அவ மூஞ்சி தெரியாதுடா." சீப்பை மேஜையில் வைத்தார். "நீ எனக்கு ஒண்ணு பண்ணணும். ரெண்டாவது ரீலை மாட்டிட்டு மெஷின் பக்கத்துல நில்லு. நான் ஹால் கிச்சன் கதவைத் திறந்து தலையாட்டினாத்தான் ஸ்விட்சைப் போடணும். அது வரைக்கும் யார் சொன்னாலும் போடாதே. போப்பாண்டவரே வந்து சொன்னாலும் போடாதே. படம் ஆரம்பிச்சா அவ எழுந்து ஓடிடுவா. உங்களுக்கெல்லாம் இங்கிலீஷ்ல கதை சொல்லணும்னு."

"என் மேல நம்பிக்கை இல்லையா சார்?"

"உன் மேல இருக்குடா. உன் விரல் மேலதான் இல்லை."

சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் படம் இருக்கிறதே, அப்படி ஒரு படம் நான் பார்த்ததில்லை. கதாநாயகன் மணிலாவில் ஜீப் வண்டி ஓட்டுகிறவன். கதாநாயகி துறைமுகத்தையே ஆட்டிப் படைக்கும் கடத்தல்காரனின் தங்கை. அண்ணன்காரன் வெள்ளை ஷூ போட்டவன், அதில் ஒரு பொட்டு ரத்தம் பட்டாலும் கைக்குட்டையால் துடைக்கிறவன். காதல் தெரிந்துபோய்த் தங்கையைக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறான். நம்ம ஆள் ஜீப்பை மூட்டைகள் மேல் ஏற்றிப் பறக்கவிட்டுக்கொண்டு துறைமுகத்துக்கு வருகிறான். பன்னிரண்டு பேர் துப்பாக்கியோடு சூழ்ந்துகொள்கிறார்கள். மேலே கப்பலில் அவள். கப்பல் ஊதுகிறது. ஒருவன் துப்பாக்கியை நம்ம ஆள் நெஞ்சில் வைக்கிறான்.

'இடைவேளை.'

ஹாலே அலறியது. சார் விளக்கைப் போட்டார், இரண்டு கப்பை எடுத்துக்கொண்டார், லூர்துவைப் பார்த்து, "ஒரு நிமிஷம் கிச்சன் பக்கம் வர்றியா?" என்றார். அவள் நெற்றி சுருங்கியது. பிறகு எழுந்து போனாள். நான் இரண்டாவது ரீலை மாட்டிவிட்டு நின்றேன்.

கால் மணி நேரம். வடை காலி. அரை மணி நேரம். நூடுல்ஸ் காலி. எல்லோரும் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார்கள். நடேசு அண்ணைக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"தம்பி, பன்னிரண்டு பேர் துவக்கோட நிக்கிறாங்கள். நீர் என்ன கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறீர்? படத்தைப் போடும்."

"இல்லண்ணை, சார் இன்னும் தலையாட்டலை."

"அந்தாள் கோப்பியைப் பேந்து, படம் முடியக் குடிக்கட்டும்!"

முக்கால் மணி நேரம். கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவில் தட்டு நீட்டுகிற சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. எட்டிப் பார்த்தேன். லூர்து மேஜையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கோட்டைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை, அவசரமே இல்லாதவள் மாதிரி நின்றாள். சார் கப்பைப் பிடித்திருந்த விதத்தில் காபி சாஸரில் இருந்தது.

"லூர்து, ரொம்ப நாளாவே நான் உங்கிட்ட..." என்று ஆரம்பித்தார். ஆங்கிலத்தில்தான். நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன்.

நிறுத்தினார். அவள் காத்திருந்தாள்.

"இரு. காபி ஆறிடுச்சு. சூடு பண்ணிட்டு வந்துடறேன்" என்று அடுப்பு பக்கம் திரும்பினார்.

நம்புங்கள், பாதி வாக்கியத்தில் இன்டர்வெல் விட்டுவிட்டார்! அவள் முகத்தில் சிரிப்பும் பொறுமையும் சேர்ந்து இருந்தது. அவள் நின்றிருப்பாள். காபி பொங்கி வடிகிற வரைக்கும் நின்றிருப்பாள் என்று எனக்கு இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பன்னிரண்டு பேர்தான். 'இந்த ஆள் விடியற வரைக்கும் சூடு பண்ணுவாரு' என்று நினைத்தேன். இன்னொன்றும் நினைத்தேன், ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்: எனக்குச் சண்டை பார்க்க வேண்டும்.

ஸ்விட்சைப் போட்டேன்.

மெஷின் கடகடத்தது. ஹால் முழுக்கக் கைதட்டல். கிச்சனுக்குள் லூர்து, "ஐயோ, என் ஆளுங்க!" என்று கப்பை வைத்துவிட்டு ஓடி வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "சுடாதே, அவன் உயிரோட வேணும்னு சொல்றான்" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் வழியாக சார் தெரிந்தார். கையில் பாத்திரம். அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

படம் முடிந்ததும் நர்ஸுகள் கேக் வெட்டினார்கள், கட்டிப்பிடித்தார்கள், போட்டோ எடுத்தார்கள், கூட்டமாக அழுதார்கள். பிங்கோ மேஜைகள் உள்ளே வர ஆரம்பித்தன. வெளியே கார் ஹாரன் அடித்தது. லூர்து கூட்டத்துக்கு மேலே எக்கி சாரைத் தேடினாள், கண்டுபிடித்தாள், கையை ஆட்டினாள். அவரும் ஆட்டினார். கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டே போய்க் காருக்குள் திணித்துவிட்டது.

சார் திரையைச் சுருட்டினார். முழுசாகச் சுருட்டி முடித்துவிட்டுத்தான் கேட்டார்.

"யாருடா போடச் சொன்னது?"

"ஃபாதர் சார்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. "பிங்கோவுக்கு நேரமாச்சுன்னு ஒரே சத்தம் போட்டாரு."

ஃபாதர் அந்த நேரத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து பதுக்கி வைத்திருந்த கடைசி வடையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "ரெண்டாவது பாதி நான் பார்க்கலை. என்னடா ஆச்சு?" என்றார். மடையன் நான், பனியில் நின்று நடித்தே காட்டினேன். டிஷ்யூம், இந்தப் பக்கம் மூணு பேர், டுமீல், வெள்ளை ஷூக்காரன் காலி, கப்பல் கிளம்பிடுச்சு சார், நம்ம ஆளு ஜீப் மேல ஏறி அப்படியே தண்ணிக்குள்ள குதிச்சு, நீச்சலடிச்சே போய்ட்டான், அவ தாவணி மாதிரி ஒண்ணை மேலருந்து விடறா...

முழுசாகக் கேட்டார். "நீச்சல் தெரிஞ்சவன்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை சீக்கிரமே எழுந்து கிளம்பிப் போனார். சாயங்காலம் எப்போதும் போல வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

சாருக்கு ஃபாதர் மேல் மட்டும் கோபம் ஏறியது. ஹால் பக்கம் போவதையே நிறுத்தினார். தெருவில் ஃபாதர் வந்தால் எதிர்ப் பக்கம் போய்விடுவார். அந்த அப்பாவி மனுஷன் ஒரு நாள் எங்கள் முறுக்குப் படியில் மூச்சு வாங்க ஏறி வந்து, "முசியு இன்டர்வெல், நான்... தப்பு?" என்று நாலு ஆங்கில வார்த்தையில் இரண்டைச் செலவழித்துக் கேட்டார். சார் கதவைச் சாத்திக்கொண்டார். நான் ஃபாதரைக் கைப்பிடித்துக் கீழே இறக்கிவிட்டேன். அத்தனை படியிலும் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் கடைசியில் வின்னிபெக்கிலிருந்து கடிதம் வந்தது. சார் அதை மேஜையிலேயே விட்டுவிட்டுக் குளிக்கப் போனார், நான் படித்தேன். அந்த வயசில் அதெல்லாம் குற்றமாகத் தோன்றவில்லை. குளிரைப் பற்றி எழுதியிருந்தாள், அக்கா குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு வரி: அன்றைக்கு கிச்சனில் ஏதோ சொல்ல வந்தீர்கள், படம் ஆரம்பித்துவிட்டது, அது என்ன?

எனக்கு ஆடத் தோன்றியது. தப்பித்தேன்! மறுபடியும் சான்ஸ் வந்துவிட்டது! நான்கு நாள் எழுதினார், கிழித்தார், எழுதினார். அஞ்சாம் நாள் தபாலில் போட்டார்.

"என்ன சார் எழுதினீங்க?"

"புரொஜெக்டர் பல்பு மங்கலாயிடுச்சு, மாத்தணும்னு சொல்ல வந்தேன்னு எழுதிட்டேன்."

நடேசு அண்ணை கையில் இருந்த தட்டைத் தரையில் வைத்துவிட்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

மூன்று வாரத்தில் ஒரு பார்சல். ஆஸ்பத்திரிப் பஞ்சில் சுற்றி, பேண்டேஜ் துணியால் கட்டி, உள்ளே ஒரு புரொஜெக்டர் பல்பு. சரியான நம்பர். வின்னிபெக்கில் எந்தெந்தக் கடையில் ஏறி இறங்கினாளோ. கூடக் கடிதம் எதுவும் இல்லை. சார் அதைப் பஞ்சோடு அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த பல்பை எந்த மெஷினிலும் மாட்டவே இல்லை.

அடுத்த வருஷம் லூர்துவுக்கு அங்கே ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோடு கல்யாணம் ஆனது. நடேசு அண்ணை ஒரு வழியாக டாக்டராகி ஆல்பர்ட்டா போனார். சார் இல்-பிசாரில் ஆற்றோரமாகத் தனி வீடு வாங்கிக்கொண்டு குடிபோனார். அது மொன்ட்ரியாலின் மேற்குக் கோடியில் ஒரு தீவு. பஸ் எப்போதாவது வரும். தனி ஆளுக்கு அவ்வளவு பெரிய வீடு எதற்கென்று ஊரெல்லாம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. போய்ப் பார்க்கவும் இல்லை. நாலு வருஷம் ஏதேதோ சாக்கு சொன்னேன்.

போன கோடையில் போனேன். காதோரமெல்லாம் வெளுத்திருந்தது. தோட்டத்தில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார். எதிரே ஆறு. அக்கரையில் இருக்கும் லாவாலுக்குப் போகிற படகு காரை ஏற்றிக்கொண்டு நகர்ந்துகொண்டிருந்தது. என் வேலையைப் பற்றிக் கேட்டார், என் திமிரைப் பற்றிக் கேட்டார். நான் பதில் சொல்லாமல் வந்த விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

"சார், அன்னிக்கு ஃபாதர் ஒண்ணும் சொல்லலை. நானாத்தான் ஸ்விட்சைப் போட்டேன். எனக்குச் சண்டை பார்க்கணும்னு இருந்தது."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் படகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ மெஷினைப் போட்டே பாரு," என்றார், "அவ கப்பை வெச்சுட்டு ஓடினா பாரு, அப்ப எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அப்பாடான்னு இருந்ததுடா."

நான் வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"மறுநாள் காலைல அவளைப் பார்க்க ரயில்வே ஸ்டேஷனுக்குத்தான் கிளம்பினேன். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக்கிட்டு. பாதி வழியில, பெர்ரி மெட்ரோல இறங்கிட்டேன். கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போலாம்னு. ஒரு ட்ரெயின் போச்சு. அடுத்தது வந்துது, போச்சு. ஏழு ட்ரெயின் எண்ணினேன். கதவு திறக்குது, மூடுது. அங்க நீயும் இல்லை, ஃபாதரும் இல்லை, பிங்கோவும் இல்லை. ஒருத்தன் என்னைத் தடுக்கலை. அவ ரயில் நேரம் தாண்டினதும் எழுந்து வேலைக்குப் போயிட்டேன்." மூக்கைத் தடவிக்கொண்டார். "அப்புறம் யார் மேலயாவது கோபப்பட வேண்டியிருந்தது. நீ அந்த ஃபாதரைக் கையில குடுத்தே. சௌகரியமா இருந்தது."

"சார்..."

"பாவம்டா அந்த மனுஷன். அந்த உடம்பைத் தூக்கிக்கிட்டு நம்ம படியில ஏறி வந்தாரு." சட்டென்று சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "நாளைக்கு அவருக்கு ஒரு போன் பண்ணணும். நீயும் பேசு. தப்புல பாதி உன்னோடது."

படகு அந்தக் கரையைத் தொட்டது. கார்கள் ஒவ்வொன்றாக இறங்கிப் போவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்குள் ஒரு ஆள் இல்லை, ஒரு சத்தமில்லை.

"ஆமா, உனக்குக் கடைசி பஸ் எப்போ?" என்றார். "ஞாயித்துக்கிழமைல இங்க சீக்கிரமே நிறுத்திடுவான்."

ஆறரைக்கு ஒன்று இருந்தது. அப்போது மணி ஐந்துகூட ஆகவில்லை.

"அது போயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை அவர் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.